வண்டிக்கும் வாடகையா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

ஒவ்வொரு தொழிலும் தன்னிடம் வருவோருக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. மருத்துவருக்கு அவர் நோயாளி, வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர், நடத்துநருக்குப் பயணி, கடைக்காரருக்கு வாடிக்கையாளர். ஆனால், பணம் கொடுத்துத் தங்க வருவோரை 'விருந்தினர்' என்று அழைப்பது விடுதித் தொழில் ஒன்றுதான். அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனமோ ஒரு படி மேலே சென்று, தன் கேளிக்கைப் பூங்காக்களுக்கு வருகிற அத்தனை பேரையும் விருந்தினர் என்கிறது. அங்கு வேலை செய்வோரை ஊழியர் என்று கூடச் சொல்லாமல், 'நடிகர் குழுவினர்' என்கிறது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது! ஆனால், ஒருவரை விருந்தினர் என்று வாயார அழைத்துவிட்டு, அவர் வந்த வண்டி இரவில் வாசலில் நின்றதற்குத் தனியே காசு கேட்டால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

நண்பர்களே! கடல் கடந்த நாட்டில் ஏதோ ஒரு விடுதியில் கார் நிறுத்தக் காசு வாங்கினால் உனக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. எங்கள் வீட்டில் காரும் இல்லை. விமானத்தை வானத்தில் பார்த்திருப்பதோடு சரி. ஆயினும் வண்டி நிறுத்தும் கட்டணத்திற்கும் எனக்கும் நெருங்கிய உறவு உண்டு. என் தந்தையார் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தை அடுத்த தனியார் சைக்கிள் ஸ்டாண்டில் பதினெட்டு ஆண்டுகளாக டோக்கன் கொடுக்கும் வேலை செய்கிறார். பெயர்தான் சைக்கிள் ஸ்டாண்டு. இன்று அங்கே நிற்பவை பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்களே. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் பாடநூலும், பேருந்துச் செலவும், உடுத்தும் சட்டையும் யாரோ ஒருவர் தம் வண்டியை நிறுத்தக் கொடுத்த பத்து ரூபாயிலிருந்து வந்தவை. ஆகவே, வண்டி நிறுத்தக் காசு வாங்குவதே தவறு என்று நான் பேசமாட்டேன். எந்தக் காசு நியாயம், எந்தக் காசு மக்களை எரிச்சலூட்டுகிறது என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

எங்கள் தெருவைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் கணினிப் பணியின் பொருட்டு அமெரிக்காவில் குடியிருக்கிறார். சென்ற ஆண்டு கோயில் திருவிழாவிற்கு ஊர் வந்தவர், தம் தம்பியின் மோட்டார் சைக்கிளை எங்கள் ஸ்டாண்டில் விட்டார். அன்று நானும் அப்பாவுக்குத் துணையாக அங்கிருந்தேன். டோக்கனை வாங்கிக்கொண்டே அவர் சிரித்தார்.

"என்ன தம்பி சிரிக்கிறீங்க?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லண்ணே. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ஃபுளோரிடாவுல ஆர்லாண்டோன்னு ஒரு ஊருக்குப் போயிருந்தோம். விளையாட்டுப் பூங்காவை ஒட்டி ஒரு ஓட்டல்ல தங்கினோம். ரூம் வாடகை போக, கார் நின்னதுக்கு மட்டும் ஒரு ராத்திரிக்கு நம்ம காசுல ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு மேல போட்டுட்டாங்க. இங்க நீங்க பத்து ரூபா வாங்குறீங்க. அதை நினைச்சேன், சிரிப்பு வந்துடுச்சு."

அப்பா சிரிக்கவில்லை. சற்று நேரம் யோசித்துவிட்டு, "முன்னாடியே போர்டுல எழுதிப் போட்டிருந்தாங்களா?" என்று கேட்டார்.

"எங்கேயோ அடியில பொடி எழுத்துல இருந்திருக்குண்ணே. கடைசி நாள் பில்லைப் பார்த்தப்பதான் எங்களுக்குத் தெரிஞ்சுது."

தொகை எவ்வளவு என்று அப்பா வியக்கவில்லை. போர்டில் எழுதியிருந்ததா என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியின் ஆழம் எனக்கு அன்றிரவுதான் விளங்கிற்று. அதன்பின் இது குறித்துத் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

ஆர்லாண்டோவை அடுத்து, 1971ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் 'வால்ட் டிஸ்னி வேர்ல்டு' திறக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 100 சதுர கிலோமீட்டர். அதற்குள்ளேயே பூங்காக்களும், ஏரிகளும், சாலைகளும், விடுதிகளும் அமைந்துள்ளன. திறந்த நாள் முதல் 46 ஆண்டுகளுக்கு மேலாக, டிஸ்னியின் விடுதிகளில் தங்குவோர் தம் காரைத் தாமே கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளத் தனிக் கட்டணம் இருக்கவில்லை. அறைக்கு வாடகை கொடுத்தால் காருக்கும் இடம் உண்டு என்பதே வழக்கம். தாத்தா காலத்தில் போனவரும், பேரன் காலத்தில் போனவரும் அப்படியே பழகியிருந்தனர்.

2018ஆம் ஆண்டு மார்ச் 21 முதல் செய்யப்படும் புதிய முன்பதிவுகளுக்கு இந்த வழக்கம் மாறியது. சிக்கன வகை விடுதியில் ஓர் இரவுக்கு 13 டாலர். நடுத்தர வகையில் 19 டாலர். உயர்தர வகையில் 24 டாலர். பின்னர் இவை 15, 20, 25 என்று உயர்ந்தன. கூடாரமடித்துத் தங்கும் திடலில் இருப்போருக்கு ஒரு வண்டிக்கு விலக்கு இருந்தது. உயர்தர விடுதியில் ஐந்து இரவு தங்கும் குடும்பத்திற்கு, கார் சும்மா நின்றதற்கு முதலில் 120 டாலர், பிறகு 125 டாலர்! பகலெல்லாம் பூங்காவைச் சுற்றிவிட்டு வந்து, இரவில் உறங்குகிற வண்டிக்கும் ஒரு படுக்கை வாடகை கொடுத்தாற்போல் இருந்திருக்கும்.

இத்துடன் மற்றொன்றும் நடந்தது. விமானத்தில் வரும் விருந்தினரை ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு இலவசமாக அழைத்துவரும் பேருந்து ஒன்றை டிஸ்னி 2005இல் தொடங்கியிருந்தது. அந்தச் சேவை 2022ஆம் ஆண்டு சனவரியில் நின்றது. ஆக, அந்த ஆண்டில் காரில் வந்தவர் நிறுத்தக் காசு கொடுத்தார். விமானத்தில் வந்தவர் வண்டி பிடிக்கக் காசு கொடுத்தார். எப்படி வந்தாலும் வாசலிலேயே ஒரு செலவு காத்திருந்தது.

இதில் விருந்தினர் மனம் நொந்ததற்குக் காரணம் வெறும் கருமித்தனமா? இல்லை என்றே நான் கருதுகிறேன். நியூயார்க் போன்ற பெருநகரின் நடுவே இடம் பொன்னுக்குச் சமம். அங்கே விடுதிக்காரர் கார் நிறுத்தக் காசு கேட்டால், வந்தவர் முணுமுணுத்தாலும் ஒப்புக்கொள்வார். வேண்டாமென்றால் வேறிடம் தேடவும் வழியுண்டு. ஆனால் 100 சதுர கிலோமீட்டர் நிலத்தை உடையவர், இடமில்லை என்று சொல்ல முடியுமா? அந்த நிலத்தின் நடுவே உள்ள விடுதியில் தங்குபவர், காரை அடுத்த தெருவில் விட்டுவிட்டு நடந்து வரத்தான் முடியுமா? வேறு வழி இல்லாதவரிடம் கேட்கப்படும் காசு, கட்டணம் என்ற பெயரைத் தாங்கியிருந்தாலும் தண்டம் போலவே உறைக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நிறுத்துமிடத்துக்குத் தார் போட வேண்டும், விளக்கு எரிய வேண்டும், காவலாள் நிற்க வேண்டும். இதற்கெல்லாம் செலவுண்டு என்பதை என் வீட்டாரைவிட நன்கறிந்தவர் யார்? காரில்லாமல் வருகிறவர், காருள்ளவருக்காக ஏன் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வியும் நேர்மையானதே. அப்படியானால், காரில்லாதவரின் அறை வாடகை அந்த அளவுக்குக் குறைய வேண்டுமன்றோ? பழைய வாடகை அப்படியே நிற்க, அதன்மேல் புதிய கட்டணம் ஏறி உட்காருமானால், அதைப் பங்கீடு என்பது எப்படிப் பொருந்தும்?

கணிதம் படிக்கும் எனக்கு இதில் ஒரு வேடிக்கை தென்படுகிறது. 113 என்பதும், 100 கூட்டல் 13 என்பதும் தாளில் ஒன்றே. மனத்தில் ஒன்றல்ல. விலையை இரண்டாகப் பிரித்துக் காட்டினால், மக்கள் மொத்தத்தைக் குறைவாகவே நினைவில் கொள்கிறார்கள். வாங்கும் விருப்பமும் கூடுகிறது என்று மார்விட்ஸ், கிரீன்லீஃப், ஜான்சன் என்னும் மூன்று ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். வணிகர் விலையைப் பிரிப்பதன் சூட்சுமம் இதில் இருக்கிறது. கண்ணுக்கு 100 தெரியும். பைக்கு 113 தெரியும். கண்ணும் பையும் சந்திக்கும் இடந்தான் கடைசி நாள் பில்லு!

இங்கே எங்கள் ஸ்டாண்டில் நடந்த ஒன்றைக் கூறியாக வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய நாள். கூட்டம் தாங்கவில்லை. வண்டிக்கு இருபது ரூபாய் வாங்கும்படி முதலாளி சொல்லிவிட்டுப் போய்விட்டார். பலகையிலோ பத்து ரூபாய் என்றே எழுதியிருந்தது. காலையில் வண்டியை விட்டவர்கள் மாலையில் எடுக்க வந்தபோது இருபது கேட்டால் சும்மா இருப்பார்களா? முதலாளி அங்கே இல்லை, அகப்பட்டவர் அப்பா. என் வயதே ஆன ஒருவன், "பகல் கொள்ளைக்காரப் பசங்க" என்று சொல்லி, சில்லறையை அப்பாவின் காலடியில் வீசிவிட்டுப் போனான். அப்பா குனிந்து ஒவ்வொரு காசாகப் பொறுக்கினார். நானும் சேர்ந்து பொறுக்கினேன். அப்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் முதலாளியிடம் சொன்னது எனக்கு இன்றும் மனப்பாடம். "ஐயா, இருபதுன்னா போர்டுல இருபதுன்னு எழுதிக் குடுங்க, வாங்கித் தர்றேன். போர்டுல பத்து இருந்தா நான் பத்துதான் வாங்குவேன்." முதலாளி ஏதேதோ சொன்னார். வேலை போய்விடுமோ என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை போகவில்லை. பலகையும் மாறவில்லை, அப்பா பத்தே வாங்கினார்.

ஆர்லாண்டோ விடுதிகளிலும் இதுவே நடந்திருக்கும் என்று எண்ணுகிறேன். கட்டணத்தை நிர்ணயித்தவர்கள் எங்கோ ஒரு மாடியில் இருந்திருப்பார்கள். விருந்தினரின் கோபத்தை வாங்கிக்கொண்டவர்கள், வரவேற்பு மேசையில் புன்னகையோடு நின்ற சம்பளக்காரர்கள். 'நடிகர் குழுவினர்' என்று பெயர் வைத்தது ஒருவகையில் பொருத்தந்தான். ஏச்சு வாங்கும் பாத்திரம் எப்போதும் அவர்களுக்கே!

ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 2023ஆம் ஆண்டு சனவரி 10 அன்று, விடுதியில் தங்குவோருக்கு அந்தக் கட்டணம் இனி இல்லை என்று டிஸ்னி அறிவித்தது. ஆர்லாண்டோவின் மற்றப் பூங்கா விடுதிகள் எல்லாம் அதைப் பின்பற்றிவிடவில்லை. சட்டமும் ஓரளவு நகர்ந்திருக்கிறது. விடுதிகள் கட்டாயக் கட்டணங்களை எல்லாம் சேர்த்து, மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் நடப்புக்கு வந்தது. ஆயினும் 'கட்டாயம்' என்ற சொல்லில் ஒரு சந்து இருக்கிறது. கார் நிறுத்துவது விருந்தினரின் விருப்பம் என்று சொல்லிவிட்டால், அது மொத்த விலைக்கு வெளியே நின்றுகொள்ளலாம். பிள்ளைகளையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிக்கொண்டு அடுத்த மாநிலத்திலிருந்து காரோட்டி வருபவருக்கு அது எவ்வகையில் விருப்பம்?

இந்த வழக்கம் விடுதிகளோடு நிற்பதன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நான் முதலில் ஏறிய படி ஒரு தனியார் கல்லூரியின் படி. விளம்பரத் தாளில் கண்ட தொகையை அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதன்மேல் பேருந்துக் கட்டணம், சீருடைக் கட்டணம், இன்னும் பெயர் புரியாத இரண்டு கட்டணங்கள் எனக் கூட்டிக்கொண்டே போனார். அம்மா முடிச்சை அவிழ்க்கவே இல்லை. எழுந்து வந்துவிட்டோம். பிறகு இக்கல்லூரிக்கு வந்தபோது, அலுவலக அறிவிப்புப் பலகையில் கட்டணம் வரிவரியாக எழுதி, கீழே மொத்தமும் போட்டிருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொன்னேன். எண்ணிக் கொடுத்தார். ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. ஏழைக்கு விலை அதிகம் என்பது ஒரு துன்பம். விலை இன்னதென்று தெரியாதிருப்பது அதைவிடப் பெரிய துன்பம். முன்னதற்குக் கடன் வாங்கியாவது ஆயத்தமாகலாம். பின்னதற்கு எப்படி ஆயத்தமாவது?

மாணவ நண்பர்களே! இன்னும் சில ஆண்டுகளில் நம்மில் பலர் மேசைக்கு அந்தப் பக்கம் போய் அமரப்போகிறோம். வங்கியிலோ, விடுதியிலோ, அலுவலகத்திலோ, சொந்தக் கடையிலோ விலை சொல்லும் இடத்தில் இருப்போம். அன்று நம்மிடம் வருவோரை விருந்தினர் என்று அழைத்தாலும் சரி, வாடிக்கையாளர் என்று அழைத்தாலும் சரி, வாங்கப்போகும் தொகை முழுவதையும் அவர் உள்ளே வருமுன்பே, படிக்கும் அளவு எழுத்தில், வாசலில் எழுதி வைப்போம். எழுத முடியாத காசை வாங்காதிருப்போம். நமக்குக் கீழே வேலை பார்ப்பவர், எழுதாத காசைக் கேட்டு ஏச்சு வாங்கும்படி விடாதிருப்போம். பட்டம் பெறும் நாம் இதையாவது செய்ய வேண்டாமா?