ரூபர்ட்டின் குதிரைகள்

தம்பி மேல்படிப்புக்குக் கிளம்ப மூணே வாரம் இருந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து மூணு வருஷமா பெயின்ட் அடிச்ச 6 மில்லிமீட்டர் பொம்மை வீரர்கள் ஷூ டப்பாவுல தூங்கிட்டிருந்தாங்க. அவன் போறதுக்குள்ள ஒரு போராவது ஆடியாகணும். எந்த விதிப்புத்தகம்ங்கறதுதான் தகராறு. அது முடிவாகாம வீரர்களை அடித்தட்டுல ஒட்ட முடியாது. ஒட்டிட்டா பிய்க்க முடியாது :-(

விஷயம் தெரியாதவங்களுக்கு: இது 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. துப்பாக்கியைச் சுட்டுட்டு மறுபடி மருந்து கெட்டிக்கறதுக்குள்ள குதிரைப்படை வந்து மிதிச்சிடும். அதனால பக்கத்துலயே 16 அடி ஈட்டியோட காவலுக்கு ஆளுங்க நிப்பாங்க.

தம்பியோட கட்சி 1995-ல வந்த 'டி பெல்லிஸ் ரெனேஷியோனிஸ்'. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு பகடை. விழுந்த எண்ணுக்கு ஏத்த மாதிரி நகர்த்தல். சதுரங்கம் மாதிரி சுத்தமா இருக்கும், ஆனா அடித்தட்டு அளவுல ரொம்ப கறார். நான் 2012-ல வந்த 'பைக் அண்ட் ஷாட்' கட்சி. கட்டளையை வாயால சொல்லிட்டு ரெண்டு பகடை உருட்டணும். படை மூணு மடங்கு பாயலாம், அசையாமலும் நிக்கலாம். "அண்ணா, இதுக்குப் பேரு விளையாட்டா, லாட்டரியா?"ன்னான்.

பொட்டி தட்டறவன் புத்தி எங்க போகும்? முதல்ல டெஸ்ட் கேஸ் எழுதினேன். ஒரே ஒரு கேஸ்தான்: நேஸ்பி, 1645 ஜூன் 14. மன்னர் சார்லஸ் பக்கம் சுமார் 9,000 பேர், பாராளுமன்றம் பக்கம் சுமார் 14,000. இளவரசர் ரூபர்ட்டோட குதிரைப்படை எதிரியோட இடப்பக்கத்தை உடைச்சிட்டு, துரத்திக்கிட்டே மூட்டை வண்டிங்க வரைக்கும் போயிடுச்சு. அந்தப் பக்கம் கிராம்வெல்லும் ஜெயிச்சார், ஆனா மிச்சக் குதிரையைக் கையில வச்சிருந்து மன்னரோட காலாட்படை மேல திருப்பினார். ரூபர்ட் திரும்பி வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்தது.

இது நடக்கவே முடியாத விதி எனக்கு வேணாம். டப்பா மூடிங்களை வச்சு ஒத்திகை பார்த்தேன். ரெண்டு கட்சியிலயும் ரூபர்ட் நல்ல பிள்ளையா திரும்பி வந்துட்டார். என் கட்சியும் தோத்துடுச்சு, ஹிஹி.

கடைசியில மாட்டினது 2018-ல வந்த 'ஃபார் கிங் அண்ட் பார்லிமென்ட்'. மேஜையில கட்டம் போட்டு ஆடறது, அதனால அடித்தட்டு அளவுக்குக் கவலையே இல்லை. பகடைக்குப் பதில் சீட்டுக்கட்டு. ஜெயிச்ச குதிரைப்படை துரத்திக்கிட்டு மேஜையை விட்டே ஓடிடலாம். அம்மாதான், "வீட்டுக்குள்ளயே சீட்டாட ஆரம்பிச்சிட்டீங்களாடா?"ன்னாங்க.

கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி ஆடினோம். தம்பிதான் ரூபர்ட். அஞ்சாவது சுத்துல அவன் குதிரைங்க எல்லாம் வெளிய போயிடுச்சு.

"என் படை என் பேச்சைக் கேக்காதாண்ணா?"

"கேக்காதுடா."

முறைச்சான். அப்புறம் அடுத்த சீட்டை எடுத்தான். ரெண்டு மணி வரைக்கும் இழுத்தடிச்சுட்டுத்தான் தோத்தான்.

மேஜையை இன்னும் கலைக்கலை. குதிரைங்க விளிம்புக்கு வெளிய, டிவி ரிமோட் பக்கத்துல அவன் வச்ச இடத்துலயே நிக்குது. லீவுக்கு டிசம்பர்ல வர்றானாம்.