பலகையில் செதுக்கிய பெயர்

மரச்செதுக்கு அச்சைப் பற்றிப் பேசும்போது ‘மரபுக் கலை’, ‘வணிகக் கலை’ என்று இரண்டாகப் பிரிப்பது நம் கருத்தரங்குகளில் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே பலகையிலிருந்து பல படிகள் எடுப்பதற்காகத்தான் மரத்தைச் செதுக்குகிறார்கள். விற்பனை அக்கலையோடு சேர்ந்தே பிறந்தது.

ஜப்பானின் உகியோ-எ படங்களில் வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர், முதலிட்டு விற்கும் பதிப்பாளர் என நால்வருக்குப் பங்குண்டு. உலகம் பெரிதும் நினைவில் வைத்திருப்பதோ ஹொக்குசாய், ஹிரோஷிகே போன்ற வரைந்தவர்களை மட்டுமே. 1904இல் யமமோதோ கானாயே ‘மீனவர்’ படத்தைத் தாமே வரைந்து, செதுக்கி, அச்சிட்டார். ஒருவரே முழுப் படைப்பாளி என்னும் இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. பதிப்பாளர் வதனபே ஷோசாபுரோ பழைய கூட்டு முறையையே புதுப்பித்து, கவாசே ஹாசுயியின் நிலக்காட்சிகளை வெளிநாட்டவருக்கும் விற்றார்.

கொல்கத்தாவிலும் இரு வழிகளும் உண்டு. அரசு கலைக் கல்லூரியில் பயின்று, அங்கேயே கற்பித்த ஹரேன் தாஸ் (1921–1993) வங்கக் கிராம வாழ்வை மரத்தில் செதுக்கினார். கலை வரலாறு அவரை ஏற்றுக்கொண்டது. அவருக்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், வடகொல்கத்தாவின் பட்தலாவில் பஞ்சாங்கங்களுக்கும் மலிவு நூல்களுக்கும் சாமிப் படங்களுக்கும் பலகை செதுக்கியவர்கள் பலர். நம் ‘பெரிய எழுத்து’க் கதைப் புத்தகங்களின் படங்களைக் கண்டவர்களுக்கு அந்த உலகம் அந்நியமாகத் தோன்றாது. 1878இல் தொடங்கிய கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோ போன்றவற்றின் கல்லச்சுப் படங்கள் பரவியபின் அத்தொழில் நலிந்தது.

ஆயினும் சில பட்தலாப் படங்களுக்குள்ளேயே பெயர்கள் இருக்கின்றன: நிருத்யலால் தத்தா, மாதவ் சந்திர தாஸ். தாளில் நேராக விழவேண்டுமானால் பெயரைப் பலகையில் இடவலம் மாற்றிச் செதுக்கவேண்டும். மொழியியல் படித்த என் கண் அந்த எழுத்துகளிலேயே நின்றுவிடுகிறது. கூலிக்குச் செய்த வேலையிலும் ‘இது என் கை’ என்று ஒருவர் பதித்துச் சென்றிருக்கிறார்.

டாக்குரியாவில் என் அறை வாடகையில் ஒரு பகுதியை விளம்பர மொழிபெயர்ப்பே கொடுக்கிறது. சோப்புக்கும் காப்பீட்டுக்கும் நான் எழுதும் தமிழில் என் பெயர் வராது. “ஆய்வாளர் செய்யும் வேலையா இது?” என்று கேட்டவர்களும் உண்டு. ஆனால் ஒரு வினைமுற்றுக்காக ஆய்வேட்டில் எவ்வளவு நேரம் தயங்குகிறேனோ, அவ்வளவு நேரம் அங்கேயும் தயங்குகிறேன். தன்விவரக் குறிப்பில் இப்போது அவ்வேலையையும் சேர்த்திருக்கிறேன்.

அச்சுப் படங்களை ஆய்வில் எடுத்தாளும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: ‘பெயர் தெரியாத கலைஞர்’ என்று எழுதுமுன் படத்தின் ஓரங்களை ஒருமுறை பாருங்கள். செதுக்கியவர் தம் பெயரை அங்கே விட்டுச் சென்றிருக்கலாம்.