தலை தாழ்த்தி நுழையும் தோட்டம்

சண்டிகருக்குப் பெயர் தந்தவள் சண்டி அன்னை. அவளது திருக்கோயிலையும், அருகில் பஞ்ச்குலாவில் எழுந்தருளியுள்ள மானசா தேவியையும் தரிசிக்கச் செல்லும் அன்பர்கள், சுக்னா ஏரியை அடுத்த பாறைத் தோட்டத்தையும் கண்டு வருதல் நலம்.

தேசப் பிரிவினையில் சொந்த ஊரை இழந்து வந்தவர் நேக் சந்த். அரசின் சாலை ஆய்வாளர். 1957 முதல், அலுவல் முடிந்த பின் இக்காட்டுப் பகுதிக்கு வந்து, பிறர் எறிந்த வளையல் துண்டுகள், பீங்கான் சில்லுகள், ஆற்றோரக் கற்கள் ஆகியவற்றைக் கொண்டு எவரும் அறியாமல் உருவங்கள் சமைத்தார். நிலமோ அரசுடையது. 18 ஆண்டுகளுக்குப் பின் செய்தி வெளிப்பட்டபோது அனைத்தும் இடிபடும் நிலை. கண்டவர்கள் வியந்து காத்து நின்றனர். 1976-இல் தோட்டம் மக்களுக்குத் திறக்கப்பட்டது; அதை விரிவாக்கும் பணியும் அவரிடமே அளிக்கப்பட்டது.

ஆடவர், மகளிர், விலங்குகள், பறவைகள் என உருவங்கள் அணியணியாய் நிற்கின்றன. வளையல் துண்டுகளே பலவற்றுக்கு ஆடை. வாயில்கள் பல தாழ்வானவை; எவராயினும் தலை தாழ்த்தியே நுழைய வேண்டும். முதியோர் துணையுடன் மெல்ல நடப்பது நன்று.

‘இனி நம்மால் என்ன பயன்?’ என்று மனம் சோரும் வயதில் இவ்விடம் ஓர் ஆறுதல். உடைந்ததையும் ஒருவர் அன்போடு எடுத்து வைத்தால் அதற்கும் ஓர் இடம் உண்டு. நம்மை எடுத்து வைப்பவன் இறைவன் அல்லவா!