கம்பும் மூட்டும்



மூட்டுவலி என்றால் பாட்டிகளுக்கு வருவது என்றுதான் நம் வகுப்பிலேயே பலர் நினைக்கிறீர்கள். எனக்குப் பதினைந்து வயதில் வந்தது. பதினாறு வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணமும் தென்படாத மூட்டு வீக்கத்துக்கு இளம்பருவ மூட்டழற்சி என்று பெயர். நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் படையே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. மெக்கானிக்கல் பாஷையில் சொன்னால், பேரிங்குக்குக் கிரீஸ் கொடுக்கிற இடமே பழுது!

என் ஊர் ஆவுடையார்கோவில். ஆத்மநாதர் கோயிலின் கல் கொடுங்கைகளைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். மரச்சட்டம் போலவே கல்லைச் செதுக்கியிருப்பார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கோ சாயங்காலச் சிலம்பம்தான் பெரிது. ஆறாம் வகுப்பிலிருந்து நானும் ஆடுகிறேன். முதலில் காலடி, அப்புறம்தான் வீச்சு.

இந்த நோயின் கெடுபிடியெல்லாம் காலையில்தான். எழுந்ததும் விரல் மடங்காது, முழங்கால் நீளாது. சடை பின்னக்கூட அம்மா வேணும். அசைய அசையத்தான் இளகும். சாயங்காலம் கம்பு சுற்றுவேன். சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டு, "காலையில படுக்கை, சாயங்காலம் சிலம்பமா? நல்லா நடிக்கிறா" என்றார்கள். வலியைவிட அந்தப் பேச்சுதான் சுட்டது.

அப்பா கூலி வேலைக்குப் போகிறவர். "வேணாம் தாயி, கம்பை வச்சிரு. படிப்பாவது மிஞ்சட்டும்" என்றார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவர் பயம் நியாயம்தான். ஃபைல் பிடித்து ராவவும், லேத் முன்னால் மணிக்கணக்கில் நிற்கவும் இதே கைகால்தானே வேணும்?

டாக்டரம்மா தீர்த்துச் சொன்னார்: "வீங்கிச் சூடா இருக்கிற நாள்ல ஓய்வு எடு. மத்த நாள்ல அசைக்காம வச்சா தசை மெலிஞ்சு மூட்டு இறுகிப்போகும்." மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எழுத்துத் தெரியாத அப்பா, காலண்டரில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறார். ரத்தப் பரிசோதனை உண்டு. கண் பரிசோதனையும் உண்டு; வலியே இல்லாமல் கண்ணையும் பிடிக்கிற நோய் இது.

ஆஸ்திரேலியாவில் பால் லாம் என்றொரு டாக்டர். இளம் வயதிலேயே மூட்டுத் தேய்மானம் வந்தவர். தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையைக் கற்று, 1997-இல் மூட்டு நோயாளிகளுக்கென்றே ஒரு பயிற்சி முறையை வகுத்தார். அவருக்குத் தேய்மானம், எனக்கு அழற்சி, நோய் வேறுதான். ஆனாலும் படித்ததும் வாத்தியாரிடம் ஓடினேன். (ஓடினேன் என்றால் நடந்தேன்!) அவர் குதிப்பையும் உட்கார்ந்து சுழல்வதையும் எடுத்துவிட்டார். மெல்லிய கம்பு கொடுத்து, பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினார். விரலை இறுக்கி மடக்க வேண்டியதில்லை. எதிராளியோடு மோதுவது அறவே கிடையாது.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. என்னோடு பழகியவர்கள் போட்டிகளுக்குப் போகிறார்கள். பொறாமை இல்லை என்றால் பொய்.

இப்போது வாரம் நாலு நாள், இருபது நிமிஷம். திங்கட்கிழமை மாத்திரைக் குமட்டல், அன்று விடுமுறை. ஒர்க்‌ஷாப்பில் என் ஃபைல் பிடியிலும் அதே மாதிரி துணி சுற்றியிருக்கிறேன். அழுக்குத் துணி என்று யாரும் அவிழ்த்துவிடாதீங்கப்பா!