பத்திரத்தில் எழுதாத வெள்ளரி

அம்மா உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் எங்கள் கொல்லையில் வெள்ளரிக்கொடி இல்லாத கோடை கிடையாது. பிரம்மதேசத்தில் முதல் பஸ் பிடித்து மரக்காணம் போவாள். ஆண்கள் வாரிக் குவித்த உப்பைக் கூடையில் தலைச்சுமையாகத் தூக்கிக் கரையில் கொட்டுவது அவள் வேலை. திரும்பி வந்ததும் முகம்கூடக் கழுவாமல் கொடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். உப்புத் தண்ணீர் வெள்ளரிக்கு ஆகாது. நல்ல தண்ணி வரும் நாளில் அதற்கென்று இரண்டு குடம் தனியாக நிற்கும். நாங்கள் தொட்டால் அடி விழும்.

கல்யாணமாகி வந்தபோது அவள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதை அது. அவளுக்கு அவள் அம்மா கொடுத்தது. வெளிர் பச்சையில் வெள்ளைக் கோடு, ஒரு சாண் நீளம். முற்றினால் பழுப்பாகி, தோலில் வலைபோல வெடிப்பு விழும். பெயர் எதுவும் கிடையாது. ‘நம்ம வெள்ளரி’ என்போம்.

அப்பா இறந்த மறு வருடம் வீட்டையும் கொல்லையையும் அண்ணன் பேருக்கு மாற்ற நானும் அக்காவும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. 2005-ல் நாடு முழுமைக்கும் வந்தது. எங்கள் இருவர் கல்யாணமும் 1989-க்குப் பிறகுதான். அண்ணன் கெட்டவன் இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பான் என்றுகூட நினைக்கிறேன். கேட்கிற வழக்கம்தான் எங்களுக்கு இல்லை. ‘விடுதலை’ என்ற சொல்லை அந்தத் தாளில் பார்த்து நானும் அக்காவும் வெளியே வந்து சிரித்தோம்.

சில வருடங்கள் கழித்து, கணவர் வீட்டிலிருந்து திரும்பி வந்தேன். (காரணம் இங்கே வேண்டாம்.) அம்மாவுக்கு முட்டி தேய்ந்துபோயிருந்தது. கொல்லை என் கைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மண்ணில்தான் மறுபடி குழி தோண்டினேன்.

வந்த முதல் வருடமே ஒரு தப்பு செய்தேன். கடையில் ஹைப்ரிட் வெள்ளரி பாக்கெட் ஒன்று வாங்கி, நம்ம வெள்ளரிக்குப் பக்கத்திலேயே ஊன்றினேன். காய்த்துத் தள்ளியது. விற்றுக் கையில் காசும் பார்த்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விதைக்கு விட்ட காய்கள் கோடும் வலையுமாக நம்ம வெள்ளரியாகவேதான் இருந்தன. தேனீ கொண்டுவந்த கலப்பு காயில் தெரியாது, உள்ளே விதையில் உட்கார்ந்திருக்கும். அடுத்த கோடையில் ஒரு கொடியில் கரும்பச்சைக் குண்டுக் காய், இன்னொன்றில் கோணல் காய். ஒன்றுகூடப் பழையபடி இல்லை. பழைய விதை இருக்குமா என்று டப்பாக்களைக் கவிழ்த்துப் பார்த்தேன். இருந்ததையெல்லாம் முந்தைய வருடமே ஊன்றித் தீர்த்திருந்தேன். அன்றைக்கு அழுத மாதிரி அந்தப் பத்திரத்துக்குக்கூட நான் அழுததில்லை.

“ஏன்டி அழற? நான் குடுத்த எடத்துல போய்க் கேளு” என்றாள் அம்மா. ஐந்து பேரைச் சொன்னாள். எல்லாரும் அவளோடு உப்பு தூக்கியவர்கள். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் கொல்லையில் மாட்டுக்கொட்டகை வந்துவிட்டது. ஒருவர் இப்போது காய்கூடக் கடையில்தான் வாங்குகிறார். நான்காவது வீட்டில், ஆட்டுப்பட்டியின் கூரைமேல் ஒரே ஒரு கொடி. அந்தப் பெரியம்மா தைலப் புட்டி ஒன்றைத் திறந்து சாம்பலோடு என் கையில் கொட்டினார். பதினோரு விதை. என்ன தரட்டும் என்று கேட்டேன். “ஒங்கம்மா குடுத்தது. திருப்பிக் குடுக்கறேன், அவ்ளோதான்.”

ஏழு முளைத்தன. இந்த முறை தேனீயை நம்பவில்லை. அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. இல்லாவிட்டால் ஆண் பூ. ஆண் பூவை அம்மா ‘வெத்துப் பூ’ என்பாள். மறுநாள் மலரப்போகிற மொட்டுகளை இரண்டிலும் சாயங்காலமே நூலால் கட்டிவிடுவேன். காலையில் வெத்துப் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் தடவி, திரும்பக் கட்டுவேன். அந்தக் காம்பில் சிவப்பு நூல். காய் கொடியிலேயே முற்றிப் பழுக்க வேண்டும். பிறகு விதையை வழித்துத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டால் வழவழப்பு போய், நல்ல விதை அடியில் தங்கும். நிழலில் உலர்த்திச் சாம்பலில் புரட்டினால் முடிந்தது.

2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தில் விவசாயி யார் என்ற விளக்கத்தைத் தேடிப் படித்தேன். நிலத்தைப் பயிரிடுபவர் மட்டுமல்ல, பாரம்பரிய ரகத்தைக் காத்து வருபவரும் விவசாயிதான். பட்டா வேண்டும் என்று அந்த விளக்கத்தில் இல்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“சரி, அதுக்குப் பணம் ஏதாச்சும் வருமா?”

போன வாரம் அண்ணி கொல்லைக்கு வந்தார். சிவப்பு நூல் கட்டிய காய் மேல் கை வைத்தவரை, “ஐயோ அண்ணி, அது விதைக்கு” என்று தடுத்தேன். கையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எனக்கும் நாலு எடுத்து வெய்யி. எங்கம்மா வூட்ல போடறேன்.”