பார்த்த படங்களும் பட்ட எண்ணங்களும்

நான் திரைப்பட விமர்சகன் அல்லன். கமெராக் கோணம், படத்தொகுப்பு என்பனவெல்லாம் எனக்குப் பிடிபடாத சங்கதிகள். படம் பார்ப்பேன். பிடித்தால் இரண்டு பேரிடம் சொல்வேன். பிடிக்காவிட்டால் நாலு பேரிடம் சொல்வேன். இந்தக் குறிப்பையும் அந்தக் கணக்கில் வைத்து வாசித்தால் போதும்.

கடந்த சில வாரங்களில் மூன்று படங்கள் பார்க்கக் கிடைத்தன. மூன்றும் புதியவை அல்ல. மகள் தன்னுடைய மடிக்கணினியில் போட்டுத் தர, உம்மாவும் நானும் அவளுமாக விறாந்தையில் உட்கார்ந்து பார்த்தவை. உம்மாவுக்கு எண்பதை நெருங்குகிற வயது. படம் பார்ப்பது பாவம் என்று பயான்களில் கேட்டுக் கேட்டு, இடையில் சில வருடங்கள் தொலைக்காட்சிப் பெட்டியைத் துணியால் மூடி வைத்திருந்தவர். பேத்தி பக்கத்திலிருந்து கதை சொன்னால் மட்டும் அந்தப் பாவத்தில் கொஞ்சம் பங்கெடுத்துக் கொள்வார்.

முதலாவது, ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' (1997). சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரை பெற்ற முதல் ஈரானியப் படம். தமிழில் 'அக்கா குருவி' (2022) என்ற பெயரில் மறுஆக்கமும் செய்யப்பட்டது. கதை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். தைக்கக் கொண்டுபோன தங்கையின் சப்பாத்தை அலி தொலைத்துவிடுகிறான். வாப்பாவிடம் சொன்னால் புதிது வாங்க வழியில்லை. அண்ணனின் பழைய சப்பாத்தைக் காலையில் தங்கையும் பிற்பகலில் அண்ணனும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு பாடசாலைக்கு ஓடுகிறார்கள். ஓட்டப் போட்டியில் மூன்றாமிடத்துக்குத்தான் சப்பாத்து பரிசு. முதலாவதாக வந்துவிட்ட அலி அழுகிறான்.

எல்லோரும் பாராட்டுவது இந்த ஓட்டத்தை. எனக்குப் பிடித்தது வேறோர் இடம். பள்ளிவாசலில் நடக்கும் மஜ்லிஸுக்காகக் கொடுக்கப்பட்ட பெரிய சீனிக்கட்டிகளை வாப்பா வீட்டில் இருந்து உடைத்துக் கொண்டிருக்கிறார். மகள் தேநீர் கொண்டு வருகிறாள். சீனி எங்கே என்று கேட்கிறார். இவ்வளவு சீனி முன்னால் கிடக்கிறதே என்கிறாள் பிள்ளை. அது பள்ளிவாசலுடையது, நம்மிடம் நம்பிக் கொடுத்தது என்று விளக்கிவிட்டு வீட்டுச் சீனியைக் கேட்கிறார். அவ்வளவுதான் காட்சி. உமர் பின் அப்துல் அஸீஸ் அரச விளக்கை அணைத்துவிட்டுச் சொந்த விளக்கை ஏற்றிய கதையை மிம்பரில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! அமானத் என்ற சொல்லையே உச்சரிக்காமல் அதை ஒரு கோப்பைத் தேநீரில் கரைத்துத் தந்துவிட்டார் மஜீதி.

மகள் மொழிபெயர்த்துச் சொன்னதும் உம்மா, "உங்கட வாப்பாவும் இப்பிடித்தான். பள்ளிக் கணக்கு எழுதிற பேனையால எனக்குக் கடிதம் ஒண்டு எழுதக் குடுக்க மாட்டார்" என்றார். விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினாலும் இதற்கு மேல் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்?

இரண்டாவது மலையாளப் படம். ஸகரியா முஹம்மத் இயக்கிய 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' (2018). மலப்புறத்தில் எழுவர் காற்பந்தாட்டம் ஒரு பெருநாள் போல நடக்கும். அங்கே ஓர் அணியை நடத்தும் மஜீத், நைஜீரியாவிலிருந்து வந்த சாமுவலை ஆட வைக்கிறான். சாமுவல் காயப்பட்டு மஜீதின் வீட்டில் படுக்கையில் கிடக்க நேரிடுகிறது. மஜீதின் உம்மா ஜமீலாவும் அயல்வீட்டுப் பீயும்மாவும் அவனைப் பார்த்துக் கொள்கிறார்கள். அவனுக்கு மலையாளம் தெரியாது. இவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் பேச்சு நிற்பதில்லை.

இந்தப் படத்தின் நேர்மை அதன் தலைப்பிலேயே இருக்கிறது. சாமுவல் நைஜீரியன். ஊராருக்கோ ஆபிரிக்கர் யாரானாலும் 'சுடானி'. 'தம்பியா' என்ற ஒரே சொல்லில் நம் எல்லோரையும் பிறர் கட்டி வைப்பதை அனுபவித்தவர்கள் நாம். இங்கே நம்மவர் வாயிலிருந்தே அப்படியொரு பெயர் வருகிறது. படம் அதை மறைக்கவில்லை. அதே வாய்கள் அவனுக்காக துஆக் கேட்பதையும் காட்டுகிறது. உம்மாவின் இரண்டாவது கணவரோடு முகம் கொடுத்துப் பேசாத மஜீதையும், சொந்த வீட்டுக்கே விருந்தாளி போல வந்து போகும் அந்த மனிதரையும் பார்த்தபோது நமதூரில் நான் அறிந்த இரண்டு மூன்று வீடுகள் நினைவுக்கு வந்தன. இரண்டு மூதாட்டிகளாகவும் நடித்த சாவித்திரி ஸ்ரீதரனும் சரசா பாலுச்சேரியும் கோழிக்கோட்டு நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். கேரள அரசின் விருதைப் பகிர்ந்து கொண்டார்கள். அவர்கள் முக்காட்டை இழுத்துவிடும் விதத்தைப் பார்த்து உம்மா, "இவங்க எங்கட ஆக்கள்தானே?" என்று கேட்டார். இல்லை என்றதும் நம்பவில்லை.

நம்மைத் தமிழ்ச் சினிமா எப்படிக் காட்டுகிறது என்ற விசாரம் நமது இலக்கியக் கூட்டங்களில் நெடுநாளாக நடப்பது. 'துப்பாக்கி' (2012), 'விஸ்வரூபம்' (2013) வந்த காலத்தில் அது உச்சத்துக்குப் போனது. ஒன்று, குண்டு வைக்கும் பயங்கரவாதி. அல்லது தொப்பியும் தாடியுமாக வந்து கதாநாயகனுக்காக உயிரை விடும் நல்ல பாய். முதலாவதைக் கண்டு கோபப்படுகிறோம். இரண்டாவதைக் கண்டு திருப்திப்படுகிறோம். எனக்கென்னவோ இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. இரண்டு பேருக்கும் வீடு இல்லை. அவர்களுடைய குசினியை நாம் பார்த்ததில்லை. அவர்கள் பிள்ளையோடு சண்டை பிடித்ததில்லை, கடன் கேட்கக் கூச்சப்பட்டதில்லை. மஜீதியும் ஸகரியாவும் நம்மை நல்லவர்களாகக் காட்ட மெனக்கெடவில்லை. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவே.

வீட்டுக்குள் கமெரா வருவதென்றால் நமக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. 2019 ஏப்ரில் 21 தாக்குதல்களுக்குப் பிந்திய வாரங்களில் நமது வீடுகள் செய்திகளில் காட்டப்பட்டன. திறந்து போட்ட அலுமாரிகள், அறபு எழுத்துள்ள நூல்கள், வரிசையாக அடுக்கிய கத்திகள். ஒரு சிலர் செய்த கொடுமைக்கு ஊரெல்லாம் கதவைத் திறந்து விட்டு நின்ற நாட்கள் அவை. அந்தக் கமெராவுக்குத் தேவைப்பட்டது பொருட்கள்; அந்த வீட்டில் இருந்தவர்கள் அல்லர்.

மூன்றாவது படத்துக்கு வருகிறேன். பிரசன்ன விதானகேயின் 'இர மதியம' (2003). போர்க்காலத்தின் மூன்று கதைகள் சமாந்தரமாகச் சொல்லப்படுகின்றன. காணாமற்போன விமானியான கணவனைத் தேடி வடக்கு நோக்கிப் போகும் சிங்களப் பெண் ஒருத்தி. விடுமுறையில் அனுராதபுரம் வரும் இளம் சிப்பாய். புலிகள் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது தன் நாயைப் பிரிய மறுக்கும் அரபாத் என்ற சிறுவன்.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000 க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. நான் அப்போது வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக் கொண்டிருந்தேன். மன்னாரிலிருந்து படகேறிய உம்மாவையும் வாப்பாவையும் தங்கையையும் மறுபடி கண்டது கற்பிட்டியில்தான். எனவே இந்தப் படத்தை வெறும் இரசிகனாக என்னால் பார்க்க முடியாது.

குறை சொல்லவும் இருக்கிறது. மூன்று கதைகளும் நேரத்தைப் பங்கு போட்டுக் கொள்வதால் ஒரு சமூகமே வேரோடு பிடுங்கப்பட்டது ஒரு சிறுவனின் துக்கமாகச் சுருங்கிவிடுகிறது. அடுத்தது அந்த நாய். உம்மா தொடக்கத்திலேயே பிடித்துக் கொண்டார்: "எங்கட ஊர்ல ஆரு மகன் நாய் வளர்த்த?" காவலுக்கு நாய் வைத்திருக்க மார்க்கத்தில் இடமுண்டு என்று நான் இயக்குநருக்காக வாதாடிப் பார்த்தேன். உம்மா ஏற்கவில்லை. உலகப் பார்வையாளருக்கு உடனே விளங்கட்டும் என்று இயக்குநர் தெரிந்தெடுத்த பிராணி அது என்றே நானும் நினைக்கிறேன்.

படம் முடிந்தது. முடிவைச் சொல்லிப் பார்க்காதவர்களின் சுவையைக் கெடுக்க மாட்டேன். மகள் புத்தளத்தில் பிறந்தவள். மன்னார் அவளுக்குப் பெரியவர்கள் பேசும் ஓர் ஊர். அவள் கேட்டாள்: "வாப்பும்மா, நீங்க என்னத்த விட்டிட்டு வந்தீங்க?"

உம்மா வழக்கமாகச் சொல்லும் பட்டியல் எனக்குப் பாடம். வீடு, தென்னங்காணி, நகை. அன்று அவர் அதைச் சொல்லவில்லை. "ரெண்டு ஆடும் ஒரு குட்டியும். கயித்த அவுத்து விட்டிட்டுத்தான் வந்த. குட்டி மட்டும் கடக்கர வரைக்கும் பின்னால வந்திச்சி" என்றார். ஆட்டுக்குட்டியைப் பற்றி இத்தனை வருடங்களில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. நாயைப் பற்றி அவர் மீண்டும் முறைப்பாடு செய்யவில்லை.

அந்தப் படத்துக்கு இதைவிடப் பெரிய நற்சான்று என்னிடம் இல்லை. ஒரு சிங்கள இயக்குநர் தம்மால் இயன்ற அளவு நமது வாசல்படி வரை வந்திருக்கிறார். உள்ளே எந்த மூலையில் என்ன இருந்தது என்பதை அவர் எப்படி அறிவார்? அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம். வெளியேற்றத்தைப் பற்றிக் கவிதைகளும் கதைகளும் கட்டுரைகளும் எழுதியிருக்கிறோம். ஆனால் அவற்றில் ஓலமும் தேதியும் இருக்கும் அளவுக்கு ஆட்டுக்குட்டிகள் இல்லை. படமெடுக்கப் பணம் வேண்டும், உண்மை. கேட்டுப் பதிந்து வைக்கப் பணம் வேண்டியதில்லை. நமது பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளில் கமெரா இருக்கிறது. கலியாண வீடுகளில் அது ஓய்வதே இல்லை. குசினியை நினைவில் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக் கொண்டிருக்கிறார்கள்.

மகள் இப்போது வாப்பும்மாவை இருத்தி வைத்து வெள்ளிக்கிழமைகளில் அரைமணி நேரம் பதிவு செய்கிறாள். கடந்த வாரம் வீட்டின் அமைப்பைக் கேட்டிருக்கிறாள். அம்மி கிணற்றடியில் இருந்ததா, குசினிக் கோடியில் இருந்ததா என்பதில் உம்மாவுக்கும் தங்கைக்கும் தொலைபேசியில் பெரிய தர்க்கம். இன்னும் தீரவில்லை.