விதைநெல்லும் விளம்பரமும்

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் காவிரிக் கடைமடையைச் சூறையாடிச் சென்றது. அவ்வாரமே ஊர் இளைஞரோடு நாமும் அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வேதாரண்யம் பக்கம் போனோம். மூதாட்டி ஒருவருக்கு அரிசிப் பை கொடுத்த படத்தை அன்றிரவே முகநூலில் ஏற்றினோம். பாராட்டுகள் குவிந்தன. முன்பின் அறியாதவரும் நம் பெயரை அறிந்தனர்.

மறுநாள் அப்படத்தை மீண்டும் பார்த்தோம். நம் முகம் மலர்ந்திருந்தது. அந்த அம்மாளோ முந்தானையால் தம் முகத்தை மறைத்திருந்தார். நாம் செய்தது தர்மமா, முகஸ்துதியா? நெஞ்சு சுட்டது. படத்தை நீக்கினோம், பார்த்தவர் மனங்களிலிருந்து நீக்க இயலுமா?

அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் ‘நெல்’ ஜெயராமன் மறைந்தார். திருத்துறைப்பூண்டியை அடுத்த கட்டிமேட்டுக்காரர். 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளை மீட்டவர். ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் உழவருக்கு 2 கிலோ விதைநெல் கிடைக்கும். மறு ஆண்டு அதை 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். வாங்கியவர் கூசி நிற்கவில்லை. கொடுப்பவராகத் திரும்பி வந்தார். நெல்லே அவருக்குப் பெயராயிற்று.

சமூக ஊடகத்தில் பெயர் நிலைக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வோம். பிறர் எடுத்து விதைக்கத் தக்கதைப் பதிவிடுங்கள். வாங்குவோர் முகத்தைக் காட்டாதீர்கள். விருப்பக் குறிகளை மக்கள் எண்ணுவார்கள்; நிய்யத்தை அல்லாஹ் அறிவான்.